கிரியின் இரு முகங்கள்
(திருத்தணியில் ஆற்றிய உரையிலிருந்து)



குடியரசுத் தலைவர் என்றதும் திருத்தணி மக்களுக்கு, 1888இல் இம்மண்ணில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன்தான் நினைவுக்கு வருவார். ஆனால் இது அரக்கோணம்–ரேணிகுண்டா பாதையில் உள்ள ஊர். ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே இன்று வி.வி. கிரியைப் பற்றிப் பேசுகிறேன்.

கிரி யார்? 1928இல் வங்காள–நாகபுரி ரயில்வே தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை அறவழியில் நடத்தியவர். அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். நேரு அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சர். வங்கி ஊழியர்களுக்குச் சாதகமான தீர்ப்பை அரசு 1954இல் திருத்தியது. உடனே பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார். ஒரு தீர்ப்புக்காக மந்திரிப் பதவி! நம் காலத்தில் கண்டதுண்டா?

டாக்டர் ஜாகிர் உசேன் மறைவுக்குப் பின், அதே கிரி 1969இல் குடியரசுத் தலைவரானார்.

1974 மே 8. நாடெங்கும் ரயில் வேலைநிறுத்தம். சுமார் 17 லட்சம் பேர். கேட்டது என்ன? போனஸ், என்ஜின் ஓட்டுநர்களுக்கு எட்டு மணி நேர வேலை, பொதுத்துறை நிறுவனங்களுக்கு இணையான சம்பளம். பேச்சுவார்த்தை முடியுமுன்பே, மே 2இல், ஜார்ஜ் பெர்னாண்டஸைக் கைது செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் தெருவுக்குத் துரத்தப்பட்டார்கள். மே 27இல் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

'குடியரசுத் தலைவர் என்ன செய்ய முடியும்? அமைச்சரவை சொல்படிதானே நடக்க வேண்டும்?' என்பீர்கள். நியாயமான கேள்வி. மறுபரிசீலனை கேட்கும் உரிமையே 1978இன் 44ஆவது திருத்தத்தில்தான் எழுத்தில் வந்தது. ஆனால் 1954இல் மட்டும் அவர் கையில் என்ன இருந்தது? ராஜினாமாக் கடிதம் ஒன்றுதான். அது 1974இலும் இருந்தது. பதவிக்காலம் முடிய எஞ்சியிருந்ததோ மூன்றே மாதம்!

பேசித் தீர்ப்பதே வழி என்பது ஆயுள் முழுவதும் கிரி சொன்ன கொள்கை. அந்தக் கொள்கைக்குத்தான் மே 2இல் விலங்கு பூட்டினார்கள். அதன்பின் ஜூலையில், அகவிலைப்படி உயர்வில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துக்கொள்ளும் அவசரச் சட்டம் வந்தது. அதற்கும் கையெழுத்து கிரியுடையது. இதை மறைத்துவிட்டு அவரைத் தொழிலாளர் தோழர் என்று மட்டும் போற்ற என்னால் இயலாது.

வேலை இழந்தவர்களை 1977இல் வந்த ஜனதா ஆட்சி திரும்ப எடுத்துக்கொண்டது. ரயில்வே ஊழியருக்கு 1979இல் போனஸும் கிடைத்தது. அதைப் பார்க்கக் கிரி உயிரோடு இருந்தார். 1980 ஜூன் 24இல் சென்னையில் காலமானார்.