ரோமில் ஒரு மணி நேர போட்டோஷூட்: புக் பண்ணும் முன் கேட்க வேண்டியவை

ஐரோப்பாப் பயணம் பத்தி நான் பேசின எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி வேற வேற ஆளுங்ககிட்ட இருந்து வந்துட்டே இருக்கு. "ரோம் போறோம். கொலோசியம் முன்னாடி ஒரு தனி போட்டோஷூட் புக் பண்ணலாம்னு இருக்கோம். அவ்வளவு காசு கொடுக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு? எதைப் பார்த்து புக் பண்றது?" இன்னைக்கு எபிசோட் முழுக்க இதுதான்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். நாம போற ஊர்லயே இருக்கிற ஒரு போட்டோகிராஃபரை அரை மணி நேரத்துக்கோ ஒரு மணி நேரத்துக்கோ ஏற்பாடு பண்ணிக்கலாம். அவர் நம்மளோட நடந்து வந்து படம் எடுப்பார். சில நாள் கழிச்சு எடிட் பண்ணின படங்கள் ஒரு லிங்க்ல வந்துடும். ஃப்ளைடோகிராஃபர், லோக்கல்கிராஃபர் மாதிரி இதுக்குன்னே தளங்கள் இருக்கு. போட்டோகிராஃபர்கிட்ட நேரடியா பேசியும் புக் பண்ணலாம்.

எதுக்கு இந்தச் செலவு?

என் காரணத்தைச் சொல்றேன். நான் மியூனிக்ல சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். அப்பா, அம்மா ஈரோட்டுல இருக்காங்க. அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது, ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற ஒரு நல்ல படம் தேடினோம். வீட்ல மூணு ஆல்பம் இருக்கு. ஊட்டி, பழனி, கன்னியாகுமரி எல்லாம் இருக்கு. எல்லாத்துலயும் அம்மா, நான், தங்கச்சி. அப்பாவை மட்டும் காணோம். ஏன்னா கோடாக் கேமரா அவர் கையில இருந்தது. 36 படம் உள்ள ரோலை வேற யார்கிட்டயாவது கொடுத்து வீணாக்க அவருக்கு மனசு வராது. கடைசியில யாரோ சொந்தக்காரங்க கல்யாணத்துல, பந்திக்குப் போற வழியில எடுத்த ஒரு படத்தை வெட்டித்தான் பத்திரிகையில போட்டோம்.

ஏறக்குறைய எல்லார் வீட்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. செல்ஃபி இந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறதில்ல. அதுல முகம் வரும், இடம் வராது. போற வர்ற ஆள்கிட்ட போனைக் கொடுத்தா, இடம் வரும், கால் வெட்டுப்படும், பின்னாடி நாற்பது பேர் நிப்பாங்க. அதனால ஏப்ரல்ல அப்பாவும் அம்மாவும் வந்தப்போ, ரோம்ல ஒரு மணி நேரம் புக் பண்ணேன். 200 யூரோவுக்குப் பக்கம் ஆச்சு. நம்ம காசுல கிட்டத்தட்ட 20,000 ரூபாய். அம்மா கேட்டது இதுதான்: "போட்டோவுக்கா இத்தனை காசு? உம்பட போன்லயே எடுத்தா ஆகாதா கண்ணு?"

நியாயமான கேள்வி. என் பதில் இது. நீங்க இந்தக் காசுக்கு ரெண்டு விஷயம் வாங்கறீங்க. ஒண்ணு, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற நல்ல வெளிச்சம். ரெண்டு, எப்பவும் கேமராவுக்குப் பின்னாடியே நிக்கிற ஆளுக்கு ஒரு மணி நேர விடுமுறை. இந்த ரெண்டும் கிடைக்கலைன்னா, பின்னாடி எவ்வளவு பெரிய கட்டடம் நின்னாலும் அந்தக் காசு தண்டம்.

உள்ளேயா, வெளியேயா?

இதுதான் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி. "கொலோசியம் போட்டோஷூட்"னு விளம்பரத்துல இருந்தா, அது பெரும்பாலும் கொலோசியத்துக்கு வெளியே எடுக்கிறது. அதுல தப்பு ஒண்ணுமில்ல, ஆனா தெரிஞ்சு புக் பண்ணணும்.

கொலோசியம், ரோமன் ஃபோரம், பாலட்டைன் குன்று மூணும் ஒரே தொல்லியல் பூங்கா நிர்வாகத்தோட கையில இருக்கு. டிக்கெட் எடுத்துட்டு உள்ளே போய், உங்க கேமராவுலயோ போன்லயோ உங்களுக்காகப் படம் எடுத்துக்கலாம். ட்ரைபாட் கொண்டு போறதுக்கும், காசு வாங்குற ஒரு போட்டோகிராஃபர் உள்ளே ஷூட் நடத்தறதுக்கும் நிர்வாகத்தோட அனுமதி முன்கூட்டியே வேணும். இத்தாலியில 2004ல வந்த பண்பாட்டுச் சொத்துச் சட்டம் இதுக்கு அடிப்படை. சொந்த உபயோகத்துக்கு எடுக்கிறதையும் வியாபாரத்துக்கு எடுக்கிறதையும் அது தனித்தனியா பார்க்குது. இன்னொண்ணு, 2023 அக்டோபர்ல இருந்து கொலோசியம் டிக்கெட்ல பேர் இருக்கும், அடையாள அட்டை பார்த்துத்தான் விடுவாங்க. கடைசி நிமிஷத்துல யார் டிக்கெட்லயாவது போட்டோகிராஃபரைக் கூட்டிட்டுப் போறதெல்லாம் நடக்காது.

நான் விசாரிச்சவங்கள்ல ஒருத்தர், ஃபோரத்துக்கு உள்ளேயே எடுக்கலாம்னு எழுதினார். அனுமதி பத்திக் கேட்டதுக்கு, "காவலர் கேட்டா, நான் உங்க ஃப்ரெண்டுன்னு சொல்லிடுங்க"ன்னு பதில் வந்துச்சு. அதோட அந்தப் பேச்சை முடிச்சுக்கிட்டேன். யோசிச்சுப் பாருங்க, விசிட் விசாவுல வந்திருக்கிற அப்பாவையும் அம்மாவையும் சீருடை போட்ட ஒருத்தர் நிறுத்திக் கேள்வி கேட்டா, அந்த நாளே போச்சு. முப்பது வருஷம் மின்வாரியத்துல ஒரு குறை சொல்லவிடாம வேலை பார்த்தவர் அப்பா. அவர் பொய் சொல்லி ஒரு படத்துல நிக்கணுமா?

தெருவுல இந்தச் சிக்கல் கம்மி. கையில கேமராவோட ஒருத்தர் உங்ககூட நடந்து வந்தா யாரும் எதுவும் சொல்றதில்ல. பெரிய லைட், ஸ்டாண்ட் வெச்சு வழியை மறிச்சாதான் மாநகராட்சி அனுமதின்னு போகும். "ட்ரோன் ஷாட் இலவசம்"னு யாராவது சொன்னா, உடனே ஒதுங்கிடுங்க. ரோம் மையத்துல அனுமதி இல்லாம ட்ரோன் பறக்க விடக் கூடாது.

எங்க நிக்கிறது, எப்ப நிக்கிறது?

கொலோசியம் கி.பி. 80ல திறந்தது. 1349ல வந்த நிலநடுக்கத்துல தெற்குப் பக்க வெளிச்சுவர் விழுந்துடுச்சு. விழுந்த கல்லை ஊர்க்காரங்க வேற கட்டடங்களுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நாலு அடுக்கும் முழுசா, கிட்டத்தட்ட 50 மீட்டர் உயரத்துக்கு நிக்கிறது வடக்குப் பக்கம்தான். நாம போஸ்ட்கார்டுல பார்க்கிற முகம் அது. அதை நேருக்கு நேர் பார்க்கிற மேட்டுத் தெருவோட பேர் வியா நிக்கோலா சால்வி. சால்வி யாருன்னா, டிரெவி நீரூற்றை வடிவமைச்சவர். டிரெவியைப் பழங்காலச் சின்னம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா அது முடிஞ்சது 1762ல. அதுக்குத் தண்ணி கொண்டு வர்ற கால்வாய்தான் பழசு, கி.மு. 19ல கட்டினது.

சூரியன் பத்தியும் தெரிஞ்சுக்கோங்க. ரோம்ல ஜூன் மாசம் 5:35 வாக்குல விடியும், டிசம்பர்ல 7:30க்கு மேல ஆகும். நாங்க போன ஏப்ரல் நடுவுல 6:30. மெட்ரோ 5:30க்குத்தான் ஆரம்பிக்கும். அப்போ ஜூன்ல விடியற்காலை ஷூட்னா, நடந்து போற தூரத்துல தங்கணும், இல்ல டாக்ஸி சொல்லி வைக்கணும். குளிர்காலத்துல வடக்குச் சுவர்ல நேர் வெயிலே விழாது. பொன்னிற வெளிச்சம் வேணும்னு டிசம்பர்ல கேட்டா, எந்த போட்டோகிராஃபராலயும் கொடுக்க முடியாது.

சீக்கிரம் எழுந்திரிக்க முடியாதவங்களுக்கு என் சிபாரிசு கம்பிதோலியோ குன்று. அங்க மேல இருந்து பார்த்தா ரோமன் ஃபோரம் மொத்தமும் கீழே விரிஞ்சு கிடக்கும். கி.பி. 203ல கட்டின செப்டிமியஸ் செவெரஸ் வளைவு ரொம்பப் பக்கத்துல தெரியும். டிக்கெட் வேண்டாம். அங்க சாயங்காலம் போகணும். வெயில் உங்களுக்குப் பின்னாடி இருந்து ஃபோரம் மேல விழும். காலையில போனா சூரியன் எதிர்ல இருக்கும், கண்ணைச் சுருக்கிட்டு நிக்கணும்.

பராமரிப்பு வேலை நடக்குதான்னும் கேளுங்க. 2024 கடைசியில டிரெவில தண்ணியை வடிச்சுட்டு வேலை பார்த்தாங்க. டிசம்பர் 22 அன்னைக்குத்தான் திரும்பத் திறந்தாங்க. நடுவுல போனவங்களுக்குக் காஞ்ச தொட்டிதான் கிடைச்சுது.

படம் யாருடையது?

இதை நிறைய பேர் கேட்கிறதே இல்ல. காசு கொடுத்து எடுத்த படத்தை போட்டோகிராஃபர் தன் இன்ஸ்டாகிராம்லயோ விளம்பரத்துலயோ போடலாமா? இத்தாலியோட பதிப்புரிமைச் சட்டம், 1941ல வந்த 633ஆம் எண் சட்டம், ஒருத்தரோட உருவப்படத்தை அவர் சம்மதம் இல்லாம வெளியிடக் கூடாதுன்னு சொல்லுது. ஆனா புக் பண்ணும்போது நாம படிக்காம டிக் அடிக்கிற விதிமுறைகள்ல அந்தச் சம்மதம் ஒளிஞ்சிருக்கலாம். நம்ம வேலையில லைசென்ஸ் படிக்கிற மாதிரி இதையும் படிங்க. குழந்தைங்க இருந்தா கண்டிப்பா படிங்க. வேண்டாம்னா மெயில்லயே எழுதி, பதில் வாங்கி வைங்க. நான் "எங்க படம் எதையும் வெளியில போட வேண்டாம்"னு எழுதினேன். அவங்க ஒரே வரியில ஒத்துக்கிட்டாங்க.

வெப்சைட்ல இருக்கிற படங்களை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அது டெமோ. யாராவது சம்மதிச்ச ஒரு குடும்பத்தோட முழு கேலரியைக் காட்டச் சொல்லுங்க. அம்பது வயசுக்கு மேல இருக்கிறவங்களை அவர் எப்படி எடுத்திருக்கார்னு அதுலதான் தெரியும். இருபத்தஞ்சு வயசு ஜோடியை யார் எடுத்தாலும் அழகாத்தான் இருக்கும்.

அந்த ஒரு மணி நேரம்

உடை விஷயத்தைச் சீக்கிரம் முடிச்சுடறேன். கல் வெளிறின நிறம், அதனால அடர்த்தியான ஒரே நிறம் எடுப்பா இருக்கும். பொடிக் கட்டம் போட்ட துணி படத்துல அலை அலையா தெரியும். அம்மா அரக்கு நிறப் புடவை கட்டினாங்க, மேல ஸ்வெட்டர். அப்பா வேட்டி. தெருவெல்லாம் கருங்கல் பதிச்சிருக்கும், மழை பெஞ்சா வழுக்கும். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம்.

போட்டோகிராஃபர் ஒரு ரோமாபுரிப் பொண்ணு. முதல் பத்து நிமிஷம் ஒண்ணும் சரியா வரலை. அப்பாவுக்குக் கையை எங்க வைக்கிறதுன்னே தெரியலை. ரெண்டு தடவை போனை எடுத்துட்டு, அம்மாவைப் படம் எடுக்கத் தள்ளிப் போயிட்டார். அந்தப் பொண்ணு கோவிச்சுக்கலை. போனை என்கிட்ட கொடுக்கச் சொல்லிட்டு, "அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் ரெண்டு பேரும் நடந்துட்டு வாங்க, நாளைக்கு ட்ரெயின் எத்தனை மணிக்குன்னு பேசிக்கோங்க"ன்னு சொன்னாங்க. நான் தமிழ்ல சொன்னேன். அப்பா ஒரு மணி நேரம் முன்னாடியே ஸ்டேஷன் போகணும்னார். அம்மா, "ஈரோடு ஜங்ஷன்லயே அப்படித்தான் கொண்டு போய் உட்கார வெப்பீங்க"ன்னு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் கேமரா இருக்கிறதையே ரெண்டு பேரும் மறந்துட்டாங்க.

படம் வந்தப்போ அம்மா தேர்ந்தெடுத்தது அந்த நடையில எடுத்த ஒண்ணு. அப்பா பார்த்துட்டு, "இதுல கொலோசியம் மங்கலா இருக்குதே"ன்னார். "நீங்க தெரியறீங்கல்ல, அது போதும்"னாங்க அம்மா. அது இப்ப ஹால்ல டிவிக்கு மேல மாட்டியிருக்கு.

போட்டோகிராஃபர் தேடும்போது கேமரா மாடலை விட இதைப் பாருங்க. பழக்கமில்லாதவங்களைச் சும்மா நிக்க வைக்காம, ஏதாவது ஒரு வேலை கொடுத்து எடுப்பாரா? முன்னாடியே ஒரு போன் பேச்சுல இது தெரிஞ்சுடும். வீட்ல பெரியவங்களுக்கு முட்டி வலி இருக்கா, எவ்வளவு நேரம் நிக்க முடியும்னு நீங்களும் சொல்லிடுங்க.

மெயில்ல அப்படியே ஒட்டி அனுப்ப, கேள்விகளைத் திரும்பச் சொல்றேன். எந்த இடத்துல, உள்ளேயா வெளியேயா? உள்ளேன்னா எழுத்துல அனுமதி இருக்கா? அன்னைக்கு விடியற நேரம் என்ன? அங்க பராமரிப்பு வேலை நடக்குதா? மழை பெஞ்சா தேதி மாத்தலாமா, காசு திரும்ப வருமா? எத்தனை படம், எத்தனை நாள்ல, முழு அளவுலயா? எங்க படத்தை வெளியில போடுவீங்களா? ரசீது கொடுப்பீங்களா? இத்தாலியில தொழில் பண்றவருக்கு வரி எண் இருக்கும், ரசீது கேட்டா தயங்க மாட்டார்.

எட்டு கேள்விக்கும் நேரா பதில் வந்தா தைரியமா புக் பண்ணுங்க. காசு அதிகம்னு தோணினா அரை மணி நேரமே எடுங்க, ஒரு சின்னக் குடும்பத்துக்கு அது போதும். அதுவும் வேண்டாம்னா, இந்தத் தடவை கேமராவை நீங்க வாங்கிக்கிட்டு, எப்பவும் எடுக்கிறவரை முன்னாடி நிக்கச் சொல்லுங்க. ஏதென்ஸ் அக்ரோபோலிஸ்லயோ எகிப்துலயோ இந்த மாதிரி ஷூட் பண்ணினவங்க இருந்தா, அங்க அனுமதி எப்படி வாங்கினீங்கன்னு எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோடுல பேசலாம்.