பொது நிர்வாக முதுகலைக் கல்வியும் அரசுப் பணியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஐயா, அரசுத் தேர்வு எழுத பி.ஏ. போதுமே; பிறகு எதற்கு இரண்டாண்டு எம்.ஏ.?" வினா நியாயமானதே. மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வுக்கும், நம் மாநிலத் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். முதுகலை படித்தவர்க்கென அங்கே தனி வாயில் கிடையாது. இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை. ஆயினும் பொது நிர்வாகமும் பொதுக் கொள்கையும் முதுகலையில் பயிலுங்கள் என்று சொல்லவே வந்திருக்கிறேன். காரணம் என் வாழ்விலேயே இருக்கிறது.

அரசின் கல்வி உதவித்தொகையை நம்பியே நான் கல்லூரியில் சேர்ந்தேன். முதலாண்டு முடிந்தும் தொகை வரவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு என் தந்தையார் மும்முறை அலுவலகம் சென்று வந்தார். மும்முறையும் "நிதி இல்லை" என்ற ஒரே விடைதான். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிற்று, நான் தப்பினேன். என் அறையிலேயே தங்கியிருந்த நண்பனுக்கு அடகு வைக்கவும் ஒன்றுமில்லை. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினான். கணக்கில் என்னிலும் வல்லவன். இன்றும் கூலி வேலைதான் செய்கிறான். பல்லாண்டுகள் கழித்து, அவ்வலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, நிதி வந்தது. மார்ச் 31க்குள் பட்டியல் போடாததால் திரும்பிப் போய்விட்டது." அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நிற்க. அந்த உதவித்தொகை எவ்வாறு பிறந்தது என்பதையும் அறிதல் வேண்டும். பரோடா மன்னரின் உதவியுடன் 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கர், 1915இல் முதுகலைப் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும். முனைவர் பட்டத்திற்கு அவர் ஆராய்ந்தது பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி. அது 1925இல் நூலாக வெளிவந்தது. தீண்டாமையால் துன்புற்ற ஒருவர் வரியையும் செலவையும் ஏன் ஆராய வேண்டும் என்று அன்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபரிலேயே பட்டியல் இனத்தாரின் குறைகளைத் தொகுத்து வைசிராயிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். அது மேடை முழக்கம் அன்று. அரசு விடை கூறியே தீரவேண்டிய கோப்பு. தொடர்ந்து 1943இல் மத்திய அரசுப் பணிகளில் 8⅓ விழுக்காடு இடஒதுக்கீடும், 1944இல் மேற்படிப்பு உதவித்தொகையும் வந்தன.

அவர் எழுதிப் பெற்றுத் தந்த தொகை, அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு மேசையின்மேல் கிடந்து காலாவதியாயிற்று. அந்த மேசையில் நம் துயர் அறிந்தவர் ஒருவர் அமர்ந்திருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பேன். ஒதுக்கீடு வேறு, செலவு வேறு என்பதையும், கருவூல விதியையும், தணிக்கை அறிக்கையையும் அவர் அறிந்திருக்க வேண்டும். மேலதிகாரி மறுக்க இயலாதபடி குறிப்பெழுதவும் வேண்டும். இவற்றிற்கு அடிப்படை அமைப்பதே அந்த ஈராண்டுக் கல்வி.

இன்னோர் எடுத்துக்காட்டு. திட்ட நிதியில் நம் மக்கள்தொகைக்கேற்ற பங்கைத் தனியே ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு இருபது பேர். 2024இல் இங்கே இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் எந்தச் செலவு நம் பங்காகக் கணக்கில் எழுதப்படுகிறது, அதில் எவ்வளவு நம் தெருவுக்கு வந்து சேர்கிறது என்று வரவு செலவு ஏடுகளைப் புரட்டிச் சொல்லக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்?

தேர்வுக்கும் இக்கல்வி உதவும். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் பொது நிர்வாகம் ஒரு விருப்பப்பாடம். இரு தாள்கள், 500 மதிப்பெண். அரசமைப்பும் ஆட்சிமுறையும் பொதுத் தாளிலும் வருகின்றன. (தமிழ் இலக்கியம் எடுத்து வென்றோரும் உளர், மதிப்பெண்ணுக்காக மட்டும் இதில் சேராதீர்கள்.) அத்தேர்வில் பட்டியல் இனத்தார்க்கு வயது வரம்பு 37, ஆகவே இரண்டாண்டு வீண் என அஞ்ச வேண்டுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் பொது நிர்வாகமும் இணைந்த துறை உண்டு. இளநிலை உதவியாளராகப் பணியில் இருக்கும் தம்பிமார், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழி பயிலலாம். உண்மையில் அவர்கட்கே இது முதலில் தேவை. கோப்பு முதலில் வந்து நிற்பது அவர்கள் மேசையில்தான். பெண்ணை பி.ஏ.யோடு நிறுத்த எண்ணும் தந்தையரும் இதைச் செவிமடுக்க வேண்டுகிறேன்.

நான் பி.எட். முடித்ததும் சம்பளம் தேடி ஓடியவன், எம்.ஏ. படிக்கவில்லை. ஆயினும் உதவித்தொகை விண்ணப்பங்களை அனுப்பியபின், பட்டியல் எந்த நாளில் கருவூலம் சென்றது என்று கேட்டு என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். விவரம் வேண்டுவோர் ஞாயிறு காலை நம் சங்கப் படிப்பகத்துக்குச் சான்றிதழ்களுடன் வாருங்கள், நான் இருப்பேன்.