வேலியோரத்து விஷம்: கோழிகளுக்கு ஆகாத செடிகள்
(புறக்கடைக் கோழி வளர்ப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக்குப் பின்னால நாலு நாட்டுக்கோழி, முன்னால நாலு பூச்செடி. நம்மில் பலர் வீடு இப்படித்தான் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டு வேலி அரளி. ஒருநாள் கிளைகளைக் கழித்து, தழையைக் கோழிக் கூண்டு ஓரமாகக் குவித்து வைத்துவிட்டோம். வெளியூர் போகும் அவசரத்தில் அன்று கூண்டைத் திறக்கவில்லை, தீனியும் குறைவு. மறுநாள் காலையில் இரண்டு பெட்டைக்கோழிகள் செத்துக் கிடந்தன. "வெள்ளைக்கழிச்சல்தான்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது தீனிப்பையில் அரளி இலைத் துணுக்குகள்!

சாதாரணமாக, திறந்த வெளியில் மேயும் கோழி கசப்பான இலையை ஒதுக்கிவிடும். ஆனால் அடைத்து வைத்த கோழியும், பசித்த கோழியும், விவரம் தெரியாத குஞ்சும் எதையும் கொத்திப் பார்க்கும். ஆபத்து அங்கேதான்.

எவற்றில் கவனம் வேண்டும்?

அரளி, பொன்னரளி: இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். காய்ந்த சருகிலும் விஷம் போகாது.

ஆமணக்கு: விதையில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கிலும் அது தங்கியிருக்கும். மாடித்தோட்டத் தொட்டிக்கு உரமாக ஆமணக்குப் பிண்ணாக்கு போடுகிறவர்கள், மண்ணைக் கிளறி நன்றாக மூடிவிடுங்கள். மூட்டையைக் கோழிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

குன்றிமணி, காட்டாமணக்கு: இவற்றின் விதைகளும் நஞ்சுதான்.

செங்காந்தள்: நம் மாநில மலர். பார்க்க அழகு, ஆனால் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது.

வெண்ணெய்ப்பழம் எனும் அவகேடோ: தோல், கொட்டை, இலை எதையும் போடாதீர்கள். பறவைகளின் இதயத்துக்கு இது ஆகாது.

சமையலறைக் கழிவு: பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்குத் தோல், தக்காளிச் செடியின் இலை, பச்சை மரவள்ளித் தோல், மரவள்ளி இலை வேண்டாம். பழுத்த தக்காளி தாராளமாகக் கொடுக்கலாம்.

இதற்காக வேலியை வெட்டிச் சாய்க்கச் சொல்லவில்லை. கழித்த தழையை அன்றே அப்புறப்படுத்துங்கள், செடியைச் சுற்றி வலை கட்டுங்கள், கூண்டில் தீனியும் தண்ணீரும் குறையாமல் பாருங்கள். முருங்கைக்கீரை, அசோலா கொடுத்தால் பச்சைத் தீனி ஆசையும் தீரும்.

கோழி சோர்ந்து, இறக்கை தொங்கி, தள்ளாடினால் என்ன செய்வது? முதலில் மற்ற கோழிகளை அந்த இடத்திலிருந்து மாற்றுங்கள். வாயில் எண்ணெயோ உப்புத் தண்ணீரோ ஊற்றாதீங்க, மூச்சுக்குழாயில் போய்விடும்.

அடுத்து, கையில் இருக்கும் செல்போனை எடுங்கள். சந்தேகப்படும் செடியின் இலை, பூ, காய், கோழியின் எச்சம் ஆகியவற்றைப் படம் எடுங்கள். எத்தனை மணிக்குச் சோர்வு தெரிந்தது, கடைசியாக என்ன தீனி போட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டணமில்லா எண் 1962-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். செடியின் பெயர் சொல்லும் செயலிகள் உதவும்தான். ஆனால் அது சொன்னதை மட்டும் நம்பி மருந்து கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். "சாகப்போகுது, அறுத்துக் குழம்பு வெச்சிடலாம்"னு நினைக்காதீங்க. விஷம் தின்ற கோழி, செத்த கோழி எதுவும் சாப்பாட்டுக்கு ஆகாது. காரணம் விஷமா நோயா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளைக்கழிச்சலும் பறவைக்காய்ச்சலும் இதே மாதிரிதான் தெரியும். பல கோழிகள் ஒரே நேரத்தில் செத்தால் வெறும் கையால் தொடாமல் உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். பரிசோதனை முடிந்ததும் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

இன்று சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். வேலியோரம் ஒரு சுற்று நடந்து, இந்தச் செடிகளில் எது இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பத்து நிமிஷத்தை நான் ஒதுக்கியிருந்தால் என் இரண்டு கோழிகளும் பிழைத்திருக்கும்.