மழைக்குக் காத்திருக்கும் மனது



இடைசெவல் வானம் பார்த்த கரிசல் பூமி. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் நாட்களில், "நெஞ்சு படபடங்குது, உறக்கமே வரல" என்று சொல்லுகிறவர்கள் அநேகர். இது கோழைத்தனமல்ல, ஆபத்தைச் சந்திக்க உடல் அட்ரினலினைச் சுரப்பதால் வருவது. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட நிதானமாக வெளியே விட்டால் படபடப்பு தணியும்.

பிறகு கவலைகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுகிறோம். மழை நம் கையில் இல்லை. பயிர்க் காப்பீடு செய்வதும், கடன் கொடுத்தவரிடம் தவணை கேட்பதும் நம் கையில் உண்டு. அதில் ஒன்றை இன்றே செய்தால் இரவில் மனம் சற்று இளைப்பாறும்.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒருவர் சொன்னால், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை உடனே அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் 14416 எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம்.

"கவலைப்படாதே" என்று சொல்லிக் கடந்துபோகாமல், அருகே அமர்ந்து கேளுங்கள். அதுவே முதல் மருந்து.