பழைய குரலும் புதிய குரலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், ஒலி நாடகம் தொடங்குமுன் ஆற்றிய உரை)



இன்னும் சற்று நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு விஞ்ஞான நாடகம் போடப்போகிறோம். மேடைக்கு யாரும் வரமாட்டார்கள். காது மட்டும் போதும்.

எங்கள் செட்டுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணம் சுஜாதா. அவரும் நம்மைப் போல இன்ஜினியர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இருந்தவர். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படைத்தார். வாசகர்கள் அதை விடவில்லை. ‘மீண்டும் ஜீனோ’வில் நிலாவையும் ஜீனோவையும் திரும்ப அழைத்து வந்தார். அவர் மறைந்த 2008-ஆம் ஆண்டில்தான் நாங்கள் பிள்ளைச்சாவடிக்குப் படிக்க வந்து சேர்ந்தோம்.

2011 ஹாஸ்டல் விழாவுக்காக நாங்கள் ஒரு ஒலி நாடகம் பதிவு செய்தோம். அதில் ஒரு ரோபோ வரும். ரோபோ குரலுக்கு எங்களிடம் கருவி ஏது? குளியலறை பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விட்டு ஒருவன் பேசினான். ரோபோவுக்கு ‘வாளி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பேசியவனுக்கும்தான்!

அந்த நண்பனை 2019-இல் ஒரு சாலை விபத்தில் பறிகொடுத்தோம்.

இந்த ஆண்டு, பழைய நாடகத்துக்கு அடுத்த பாகம் எழுதலாம், பழைய பாத்திரங்களோடு இப்போது படிக்கும் பிள்ளைகளையும் சேர்க்கலாம் என்று முடிவானது. எழுத உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. இதை முன்பே செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடினேன்.

இங்கிலாந்தின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் நாயகன் ஒரு காலப்பயணி. சாகும் நிலை வந்தால் உருவம் மாறி வேறு நடிகராக வருவார். 1989-இல் தொடர் நின்றுபோனது. பத்து வருஷம் கழித்து, 1999-இல், பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வஸ்டர் மெக்காய் ஆகிய மூன்று பழைய நாயகர்களையும் ஒரே ஒலி நாடகத்தில் சேர்த்தது. தலை நரைத்தால் என்ன, தொந்தி போட்டால் என்ன? ஒலியில் தெரியாது. முகத்தைப் போல அவ்வளவு சீக்கிரம் குரலுக்கு வயதாவதில்லை.

அவர்கள் பழையவர்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஈவ்லின் ஸ்மைத் என்ற புதுப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். 55 வயது, வரலாற்றுப் பேராசிரியை. அதே ஆண்டில் வந்த இன்னொரு கதையில், 1968 முதல் ரசிகர்களுக்குப் பழக்கமான பிரிகேடியர் என்ற ராணுவ அதிகாரியோடு அந்த அம்மாளைச் சேர்த்தார்கள். பழைய ரசிகனுக்குப் பிரிகேடியர்; புதிதாகக் கேட்பவனுக்கு ஈவ்லின். அவன் கேட்க நினைக்கும் கேள்வியை அவர் கேட்டுவிடுவார்.

ஒலி நாடகத்தில் ஒரு விதி உண்டு. வாய் திறக்காதவன் அந்த அறையிலேயே இல்லை. சினிமா மாதிரி மூலையில் நின்று சிரித்துவிட்டுப் போக முடியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். பழையவர்கள் பேசிப் பேசிப் புதியவர்கள் ‘ஆமா அண்ணா’ போட்டுக்கொண்டிருந்தால் அது நாடகம் இல்லை. நம்ம அலுமினி மீட்டிங்!

சரி, வாளிக்கு என்ன செய்வது? எங்கள் குழுவில் ஒரு நண்பர் பழைய பதிவைக் கணினியில் கொடுத்து, செயற்கை நுண்ணறிவால் அவன் குரலை அப்படியே உருவாக்கி அனுப்பினார். சேதராப்பட்டில் ஷிஃப்ட் முடித்து வந்து இரவில் கேட்டேன். அச்சு அசல் அவனேதான். ஆனால் அவன் ஒருநாளும் சொல்லாத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் அவன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “அவன் பேசினத போடுங்கப்பா. பேசாதத பேச வைக்காதீங்க” என்றார்கள்.

‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ என்ற பிபிசி வானொலி நாடகம் 1978-இல் தொடங்கியது. 2004-இல் பழைய நடிகர்களைத் திரட்டி அடுத்த பாகம் போட்டார்கள். அதற்குள் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸும், கதை சொல்லும் குரலான பீட்டர் ஜோன்ஸும் காலமாகிவிட்டார்கள். ஜோன்ஸின் இடத்துக்கு வில்லியம் ஃப்ராங்க்ளின் தம் சொந்தக் குரலோடு வந்தார். ஆடம்ஸ் தம் நாவலைத் தாமே வாசித்த பதிவு ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு பாத்திரத்தின் வசனங்களை எடுத்து நாடகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா சொன்னதும் இதேதான் என்று அப்போது புரிந்தது.

ஆக, எங்கள் நாடகத்தின் ஆரம்பத்தில் பதினோரு விநாடி அவன் பேசுகிறான், 2011-இல் பேசியபடியே. பின்னால் ஃபேன் சத்தம் கேட்கும். அதை நான் துடைக்கவில்லை. அதன்பின் கதையில் வாளி துருப்பிடித்து நின்றுபோகிறது. முதலாண்டு மாணவி ஒருத்தி அதைப் பழுது பார்க்கிறாள். பழுது பார்த்த வாளிக்குக் குரல் கொடுத்திருப்பதும் அந்தத் தங்கைதான். அண்ணன் மாதிரி பேசிக் காட்டேன் என்று கேட்டேன். “மாட்டேண்ணா. அது அவரோட குரல். ஆனா வாளிக்குள்ளதான் பேசுவேன்” என்றது. அதற்குமேல் எனக்கு வேலை இருக்கவில்லை.

நண்பர்களே, நம் கல்லூரியின் பெயர் மாறியிருக்கிறது, பல்கலைக்கழகம் ஆகியிருக்கிறது. நம்மில் சிலர் இல்லை. பழையபடியே எல்லாம் இருக்கிறது என்று பாவனை செய்ய வேண்டாம். இருந்ததை இருந்தபடி வைத்துக்கொள்வோம். வருகிறவர்களுக்கு வேலை கொடுப்போம்.

முதல் வரிசையில் அவன் அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். விளக்கை அணைக்கச் சொல்கிறேன். தயவுசெய்து செல்போனையும் அணைத்துவிடுங்கள்.

வணக்கம்.