எடை கூடினால் திறன் கூடுமா?

(உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



குண்டு எறிதல், ஈட்டி எறிதல், கையுந்துபந்து, கபடி என எந்த விளையாட்டை எடுத்துக்கொண்டாலும் தோள், மார்பு, கைத் தசைகளின் திறன் தேவைப்படுகிறது. அதை வளர்க்க எடைப் பயிற்சி உதவும் என்பதை நாம் அறிவோம். எவ்வளவு எடை என்பதில்தான் தடுமாற்றம். ‘தூக்க முடிந்த வரை தூக்கட்டும்’ என்கிறார்கள் சிலர். ‘வளர்கிற பிள்ளைகள், எடையே வேண்டாம்’ என்று விட்டுவிடுகிறார்கள் சிலர். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வழியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் வலிமையையும் திறனையும் பிரித்துப் பார்ப்போம். தென் மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கல் தோளுக்கு ஏறியதா என்பதே அங்கே கேள்வி. எத்தனை நொடியில் ஏறியது என்று யாரும் கேட்பதில்லை. அது வலிமை. கர்லாக்கட்டை சுற்றுபவரோ சுழற்சி தடைபடாத எடையைத்தான் கையில் எடுப்பார். விசையோடு வேகமும் சேரும்போது அது திறன் ஆகிறது.

நம் பள்ளி அறிவியல் பாடக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். வேலையை நேரத்தால் வகுத்தால் திறன். ஒரு மாணவர் 30 கிலோவை அரை மீட்டர் உயர்த்த 2 நொடி எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால் வேலை 150 ஜூல். திறன் 75 வாட். அதே மாணவர் 20 கிலோவை 1 நொடியில் உயர்த்தினால் வேலை 100 ஜூல்; திறன் 100 வாட். வெறும் 5 கிலோவை அரை நொடியில் உயர்த்தினால் 50 வாட்தான். மிகுந்த எடையிலும் திறன் குறைகிறது, மிகக் குறைந்த எடையிலும் குறைகிறது. இடைப்பட்ட எடையில்தான் அது உச்சத்தைத் தொடுகிறது. சுமை கூடக் கூடத் தசை சுருங்கும் வேகம் குறையும் என்பதை உடலியல் அறிஞர் ஆர்ச்சிபால்ட் ஹில் 1938-இல் அளந்து காட்டினார்.

இது நம் மைதானத்துக்கு எப்படிப் பொருந்தும்? விளையாட்டுப் பொருள் அறையில் கிடக்கும் பெரியவர்களுக்கான குண்டு 7.26 கிலோ. உலகத் தடகள விதிப்படி 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 6 கிலோ, 18 வயதுக்குட்பட்டோருக்கு 5 கிலோ. பெண்களுக்கு 4 கிலோ, 18 வயதுக்குட்பட்ட மாணவியருக்கு 3 கிலோ. 13 வயதுப் பையன் பெரிய குண்டைத் தூக்கிப் பழகினால் என்ன ஆகும்? முழங்கை தாழும், முதுகு வளையும், குண்டு மெதுவாக நகரும். மெதுவாகத் தள்ளுவதையே அவன் உடல் கற்றுக்கொள்ளும். தோள் மூட்டிலும் மணிக்கட்டிலும் வலி வந்தால், அவன் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடக்கூடும். எனவே வயதுக்குரிய குண்டைத்தான் கொடுக்க வேண்டும். போட்டிக்கான எடையை அவ்வப்போது வரும் சுற்றறிக்கையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு மெடிசின் பந்தே ஏற்றது. கம்பியைத் தூக்கும்போது கடைசியில் அதை நிறுத்தியாக வேண்டும். அதற்காகக் கை தானாகவே வேகத்தைக் குறைக்கும். பந்தைக் கையிலிருந்து விட்டுவிடுவதால் கடைசி வரை வேகம் கூடிக்கொண்டே போகும். பந்து இல்லாத பள்ளியில் பழைய கூடைப்பந்தில் துளையிட்டு, வேண்டிய அளவு மணல் நிரப்பி, சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்டு அடைக்கலாம். சத்துணவுக் கூடத் தராசில் நிறுத்து, எடையை அதன் மேலேயே எழுதிவையுங்கள்.

மாணவரைச் சுவரில் முதுகு சாய்த்து, கால் நீட்டி உட்காரச் சொல்லுங்கள். இரு கையாலும் மார்பிலிருந்து பந்தைத் தள்ளி எறியட்டும். எதிரே நின்று யாரும் பிடிக்க வேண்டாம், தரையில் விழட்டும். 1 கிலோவில் தொடங்கி, 2 கிலோ, 3 கிலோ என ஒவ்வொன்றிலும் மூன்று எறிதல். முதுகு சுவரை விட்டு எழும்பினாலோ, ஒரு கை முந்தினாலோ, பந்து காலடியிலேயே விழுந்தாலோ அந்த எடை அவருக்கு மிகை. இவை எதுவும் இல்லாமல் விருட்டென்று எறிய முடிகிற எடைகளுள் மிகுந்ததே அவருக்குரியது.

எத்தனை முறை எறிவது என்பதை அளவு நாடாவே சொல்லும். 5 மீட்டர் எறிந்தவர் 4.5 மீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். களைப்போடு மெதுவாக எறிவதால் வேகம் வளராது.

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் பெஞ்ச் பிரஸ் போன்ற பயிற்சி செய்தால், ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 30 முதல் 60 விழுக்காடு வரை மேலுடல் திறனுக்கு ஏற்றது. ஆனால் உச்ச எடையைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். வடிவம் கெடாமல் 10 முறை தூக்க முடிகிற எடை, உச்ச எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. 30 கிலோவைப் 10 முறை தூக்குபவரின் உச்சம் 40 கிலோ அளவில் இருக்கும். அவருக்கு 12 முதல் 24 கிலோ போதும். கம்பியின் எடையையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். இறக்கும்போது நிதானம், ஏற்றும்போது வேகம். ஒரு சுற்றுக்கு 3 முதல் 6 முறை, மூன்று சுற்று, இடையில் 2, 3 நிமிட ஓய்வு. தலைமாட்டில் ஒருவர் காவலுக்கு நிற்பது கட்டாயம்.

தண்டாலை ஒழுங்காக 10 எடுக்க இயலாதவர் அதிலிருந்தே தொடங்கட்டும். முழங்கால் ஊன்றியோ, சுவரில் கை ஊன்றியோ செய்யலாம்.

‘எடை தூக்கினால் உயரம் வளராது’ என்று பெற்றோர் தயங்குவார்கள். மேற்பார்வையோடு முறையாகச் செய்யும் எடைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் தெளிவுபடுத்தியுள்ளது. மாணவியருக்கும் இதே முறைதான். எடையின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். தேர்ந்தெடுக்கும் விதி மாறாது. ‘பெண்பிள்ளைக்கு எதற்கு?’ என்று ஓரமாக உட்கார வைத்தால், அவள் எட்டியிருக்கக்கூடிய தூரம் அளக்கப்படாமலே போகும்.

ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எடை, தூரம், தேதி மூன்றையும் எழுதிவாருங்கள். இரண்டு வாரம் தூரம் குறையாமலும் வடிவம் கெடாமலும் நின்றால் அடுத்த எடைக்குப் போகலாம். 40 பேர் உள்ள வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய எடையை அந்தக் குறிப்பேடு நமக்குக் காட்டிக்கொடுக்கும்.