ஓராண்டில் நிரம்பும் பெட்டி

பிறந்த ஊரை விட்டுப் பிறநாடு சென்று வாழ்வோர், விடுமுறை பெற்றுத் தாயகம் வந்து மீளும்போது வெறுங்கையராய் மீள்வதில்லை. உலகெங்கும் காணப்படும் வழக்கம் இது. எந்த நாட்டவரின் பயணப் பெட்டியைத் திறந்து பார்த்தாலும், உடுபுடவைகளுக்கு இடையே ஊரின் உணவுப் பொருள் ஏதேனும் ஒன்று பொதிந்து வைக்கப்பட்டிருக்கும். இவ்வழக்கம் யாழ்ப்பாணத்தவரிடையே எவ்வாறு வேரூன்றியது, அதன் உட்பொருள் யாது, அது எத்தனை காலம் நிலைத்திருக்கக்கூடும் என்பனவே இப்பேச்சின் பொருள்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணம் வரும்போது கொண்டுவரும் பெட்டியையும், திரும்பும்போது கொண்டுசெல்லும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. வரும் பெட்டியிலே சொக்கிளேற், சவர்க்காரம், வாசனைத் திரவியம், குழந்தைகளுக்கான சட்டைகள், முதியோருக்கான மருந்து வகைகள் முதலியன இருக்கும். அவை யாவும் கடையில் வாங்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. திரும்பும் பெட்டியிலோ மிளகாய்த்தூள், ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, குட்டானில் அடைத்த பனங்கட்டி, மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், பயற்றம்பணியாரம், எள்ளுப்பாகு என்பன இருக்கும். சந்தையிலே மதிப்பிட்டால் இவற்றின் விலை பெரிதன்று. ஆயினும் விமான நிலையத்திலே நிறை கூடிவிட்டது என்று சொல்லப்படும்போது, பெட்டியைத் திறந்து விலையுயர்ந்த சேலையை வெளியே எடுத்துவிட்டு, மிளகாய்த்தூட் பொதியை மீண்டும் உள்ளே வைப்போர் பலர். இதற்குக் காரணம் யாது?

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1885ஆம் ஆண்டு, தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கும் இடையே மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதனையடுத்து விரிவடைந்த புகையிரதப் பகுதியிலும், திறைசேரி, நில அளவை, மருத்துவம் முதலிய பகுதிகளிலும் ஆங்கிலம் கற்ற இளைஞர் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிற் படித்த இளைஞர் பலர் கப்பலேறினர். இலிகிதராகவும், புகையிரத நிலைய அதிபராகவும் கடமையாற்றிய அவர்கள், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களிற் குடியமர்ந்தனர். நீண்ட விடுமுறை கிடைக்கும்போது ஊர் வந்து, திருமணம் செய்து, வீடு கட்டி, மீண்டும் கடல் கடந்தனர். மலாயாவிலே தென்னை உண்டு, நெல் உண்டு, பழவகைகளுக்கும் குறைவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தின் பனங்கூடல் அங்கே இல்லை. ஆகவே ஒடியலும் பனாட்டும் கப்பலேறின. 1941ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானியர் மலாயாவின்மீது படையெடுத்தபோது இப்போக்குவரவு அறுந்தது. கடிதமும் காசும் வாராது ஊரிலுள்ள குடும்பங்கள் 1945ஆம் ஆண்டு வரை கலங்கி நின்றன.

அதன்பின் இலண்டனுக்குக் கல்வி கற்கச் சென்றோரும், மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் பிறநாடு சென்றோரும் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். 1983ஆம் ஆண்டின் வன்செயலின் பின்னரோ, கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, யேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பெருந்தொகையானோர் அகதிகளாகச் செல்ல நேர்ந்தது. அவர்களுட் பலர் பல்லாண்டுகள் ஊர் திரும்ப இயலாதவராயினர். 1956ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. இடைப்பட்ட காலத்திலே கண்டி வீதியும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னரே ஊர் வருகை மீண்டும் வழக்கமாயிற்று. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்தவர், வாசலிற் கால் வைத்ததும் எதைக் கேட்டார்? ஒடியற் கூழ் கேட்டவரும் உண்டு. அம்மாவின் கைப்பிட்டுக் கேட்டவரும் உண்டு.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பே. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இன்று தமிழர் கடைகள் தெருத்தெருவாக உள்ளன. அங்கே ஒடியல் மாவும், யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும், மோர்மிளகாயும் அழகிய பொதிகளில் விற்கப்படுகின்றன. கடையிற் கிடைக்கும் பொருளை ஆயிரக்கணக்கான மைல் சுமந்து செல்வானேன்? பொருளின் அருமை மட்டுமே காரணமாயின், இப்பெட்டி எப்போதோ ஒழிந்திருக்கவேண்டும். அது ஒழியவில்லை, முன்னையிலும் பெருத்துள்ளது.

மிளகாய்த்தூளை எடுத்துக்கொள்வோம். செத்தல் மிளகாய், மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்பனவே அதன் சரக்குகள். இவை எல்லா வீடுகளுக்கும் பொதுவானவை. ஆனால் மல்லி எத்தனை சுண்டு, மிளகு எத்தனை சிறங்கை, மிளகாயை எந்த நிறம் வரும்வரை வறுப்பது, வெந்தயத்தை எப்போது இறக்குவது என்பன வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒரே ஒழுங்கையிலுள்ள இரண்டு வீடுகளின் தூள் ஒரே மணமுடையதாய் இராது. ஆகவே ஒருவர் கொண்டுசெல்வது ஒரு வீட்டின் அளவு. அவ்வீட்டிலே அடுப்படியில் நின்ற ஒருத்தியின் கைக்கணக்கு. அதனைக் கடையில் வாங்க இயலாது.

இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. வெளிநாட்டவர் பெரும்பாலும் ஆடி, ஆவணி மாதங்களிலே வருகின்றனர். மேனாடுகளிலே பாடசாலை விடுமுறை அக்காலத்திலேயே வருகின்றது. நல்லூர்க் கந்தன் பெருவிழாவும் அக்காலத்ததே. அவர் ஊரிலே தங்குவது மூன்று வாரமோ நான்கு வாரமோ. ஆனால் அவர் கொண்டுசெல்லும் பெட்டி மூன்று வாரத்தில் நிரம்பியதன்று. அது நிரம்புவதற்கு ஓராண்டு செல்கின்றது.

அவ்வாண்டின் ஓட்டத்தைச் சிறிது நோக்குவோம். ஆவணியிற் பனம்பழம் விழுகின்றது. பழத்தைப் பிசைந்து களியெடுத்து, பரணில் விரித்த ஓலைப்பாயிலே ஊற்றிக் காயவைப்பர். அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு படை ஊற்றுவர். இவ்வாறு படைமேற் படையாகப் பல நாட்கள் காய்ந்த பின்னரே பனாட்டு உருவாகும். களி எடுத்தபின் எஞ்சிய பனங்கொட்டைகளை எறிவதில்லை. மழைக்கு முன்னரே அவற்றைப் பாத்தியில் அடுக்கி மண்மூடுவர். ஐப்பசி, கார்த்திகை மாதத்து மழையில் அவை முளைத்துக் கிழங்கு இறங்கும். தை, மாசியிலே கிழங்கு கிண்டி, தோலுரித்து, கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். ஆக, ஒரு பருவத்துப் பனாட்டின் மிச்சமே அடுத்த பருவத்து ஒடியலாகின்றது.

அதன்பின் பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும். மரத்தின்கீழ்ப் பாய் விரித்துப் பூவைச் சேர்த்து, உழுந்து, வெங்காயம், செத்தல் மிளகாயுடன் கூட்டி வடகம் தட்டுவர். அக்காலத்திலேயே கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி வார்ப்பர். சோளகக் காற்றும் வெயிலும் சேரும் நாட்களிலே மிளகாயைக் கீறி, உப்பும் மோருமிட்டு ஊறவைத்து, பகலிற் காயவைத்து, இரவில் மீண்டும் மோரிலே தோய்ப்பர். விருந்தினர் வருவதற்குச் சில நாட்கள் முன்னரே தூள் வறுத்து இடிப்பர். மணம் குன்றாதிருத்தற்பொருட்டு அது கடைசி வேலையாக வைக்கப்படுகின்றது.

எனவே, நேயர்களே, அப்பெட்டியிலே ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுவன யாழ்ப்பாணத்து ஓராண்டின் பருவங்கள். மழையைக் காணாதவர், வேம்பு பூத்ததைக் காணாதவர், கிழங்கு கிண்டும் நாளிலே ஊரில் இல்லாதவர், அவ்வெல்லாவற்றிலும் தமக்குரிய பங்கைப் பெற்றுச் செல்கின்றார். அவர் வருவார் என்ற செய்தி வருமுன்னரே, வந்தால் வேண்டுமே என்று எண்ணி எடுத்துவைத்தவர் ஒருவர் ஊரில் இருந்திருக்கின்றார். அவர் தாயாராக இருக்கலாம், தமக்கையாராக இருக்கலாம், அயல்வீட்டு ஆச்சியாகவும் இருக்கலாம்.

எனினும் எல்லாப் பொருளையும் பெட்டியில் வைத்தல் ஆகாது. நாடுகள் தத்தம் பயிர்களைக் காக்கும்பொருட்டுச் சட்டங்கள் இயற்றியுள்ளன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலே, 2019ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி முதல், அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், துரியான் ஆகிய ஐந்தும் தவிர்ந்த பச்சைப் பழம், காய்கறி, இலை முதலியவற்றைப் பயணிகள் தாவர நலச் சான்றிதழின்றிக் கொண்டுசெல்ல இயலாது. பாலுணவும் இறைச்சியும் அங்கே பயணிகளின் பொதியில் தடுக்கப்படுவன. கறிவேப்பிலைக்கு ஏன் இத்துணைக் கெடுபிடி என வியப்போர் உளர். தோடை, தேசி முதலிய மரங்களை அழிக்கும் கொடிய நோயொன்றைப் பரப்பும் சிறு பூச்சி, கறிவேப்பிலையிலும் தங்கி வாழ்வதே அதற்குக் காரணம். அவுஸ்திரேலியாவிலோ உணவு, விதை, ஓலையாற் செய்த பொருள் ஆகிய எதனையும் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். பிறந்த வளவின் மண்ணில் ஒரு பிடியை ஆசையோடு முடிந்துகொண்டு செல்வோரும், அங்கே அதனைக் கைவிட நேரும்.

பழைய ஏட்டுச் சுவடி முதலிய தொன்மையான பொருள்களும் அவ்வாறே. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள்களை அனுமதிப்பத்திரமின்றி நாட்டைவிட்டு எடுத்துச்செல்லல் குற்றமாகும். பாட்டனார் வீட்டுப் பரணிற் கிடந்ததுதானே என்று எண்ணி எடுத்துச்செல்வோர், அதன் காலம் யாதென முன்னரே அறிந்துகொள்ளல் நன்று.

இனி, இவ்வழக்கத்தின் எதிர்காலத்தைப் பற்றிச் சில கூறவேண்டும். பெட்டி நிரம்புவதற்கு முற்றம் வேண்டும்; வெயில் வேண்டும்; பனை வேண்டும்; எல்லாவற்றிற்கும் மேலாகக் கை வேண்டும். போர்க்காலத்திலே பதுங்கு குழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் எண்ணிறந்த பனைகள் தறிக்கப்பட்டன. எஞ்சிய பனைகள் பழத்தைத் தருகின்றன. அதனைப் பொறுக்குவோர் குறைந்துவருகின்றனர். ஒடியல் கிழிக்கத் தெரிந்தோரும் பனாட்டு ஊற்றத் தெரிந்தோரும் இன்று பெரும்பாலும் முதியவர்கள். பிள்ளைகள் யாவரும் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் தாய் ஒருவர், முழங்கால் நோவுடன் வெயிலிலே குந்தியிருந்து வடகம் தட்டுகின்றார். பிள்ளை அப்பொதியைப் பெற்று மகிழ்கின்றார். அதன் பின்னாலுள்ள உழைப்பை எண்ணிப்பார்ப்பதில்லை. ஒருநாள் அக்கை ஓய்கின்றது. அதன்பின் குளிர்பெட்டியின் அடியிலே எஞ்சியிருக்கும் அரைப் போத்தல் தூளைப் பயன்படுத்தவும் மனமின்றி, எறியவும் மனமின்றி வைத்திருக்கும் வீடுகள் பல உண்டு.

இந்நிலை நேராதிருக்கச் செய்யக்கூடியவை உள. ஊருக்கு வருவோர், கொண்டுசெல்வதோடு அமையாது, ஒரு நாளேனும் அடுப்படியிலும் முற்றத்திலும் உடனிருந்து கற்றுக்கொள்ளல் வேண்டும். அம்மா “ஒரு சிறங்கை” என்று சொல்லும்போது, அச்சிறங்கையிலுள்ளதைத் தராசிலிட்டு நிறுத்து எழுதிக்கொள்ளலாம். எந்த நிறம் வந்ததும் சட்டியை இறக்குகின்றார் என்பதைக் கண்ணாற் கண்டு மனத்திற் கொள்ளலாம். உடன் வந்த பிள்ளைகளையும் அழைத்து, சுளகிலே பூப் புடைக்கவும், கொட்டை அடுக்கவும் பழக்கலாம். அப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராதாயினும், கை கற்பதை அவர்கள் மறப்பதில்லை.

மேலும், உறவினர் இல்லாதோர், இத்தொழிலாற் சீவிக்கும் பெண்களிடம் பொருளைப் பெற்று, பேரம் பேசாது உரிய விலை கொடுத்தல் அறமாகும். 1978ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், கிராமங்களிலுள்ள சிறு கைப்பணியாளரும் பனம்பொருள்களை விற்பனைக்கு வைக்கின்றனர். போரிலே கணவரை இழந்து, தூள் இடித்தும் பலகாரம் சுட்டும் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் வடபகுதியிற் பலர். வெளிநாட்டுப் பெட்டிகளில் ஒரு மூலை அவர்களுக்கென ஒதுக்கப்படுமாயின், அது ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் செலவுக்கு உதவக்கூடும்.

பெட்டியின் பாதை இத்துடன் முடிவதில்லை. கடல் கடந்து சென்ற மிளகாய்த்தூள் ரொறன்ரோவின் பனிக்காலத்து மாலையிலே ஒரு வீட்டை மணக்கச் செய்கின்றது. அவ்வீட்டுச் சிறுமி, இது எங்கிருந்து வந்தது எனக் கேட்கின்றாள். அப்பம்மா அனுப்பியது என்று சொல்வதோடு நிறுத்தாது, அப்பம்மா அதனை எவ்வாறு செய்தார் என்றும் சொல்லக்கூடியவர் அவ்வீட்டில் ஒருவர் இருப்பாராயின், பெட்டி தன் வேலையை முற்றாகச் செய்ததாகும். தூள் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். செய்யும் முறையைக் கற்றவரிடமிருந்து அது தீர்வதில்லை. அதற்கு நிறையும் இல்லை. எந்நாட்டுச் சுங்கத்திலும் அதற்குத் தடையும் இல்லை.